மூலைமட்டமும் சாசனமும்

யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியத்தில், ஃப்ரீமேசன் சபையினர் கூடும் கட்டடத்தை வடநாட்டார் ‘ஜாதூகர்’ என்று சொல்வதாகவும், பம்பாய்ப் பக்கத்தில் அதற்குச் ‘சைத்தான் கானா’ என்றொரு பெயர் உண்டென்றும், தென்னாட்டிலோ மக்கள் அதைத் ‘தலைவெட்டுக் கோவில்’ என்று அழைக்கிறார்களென்றும் குறித்திருக்கிறார்கள். சபையில் சேர வருகிறவனுடைய தலையை வெட்டி மறுபடியும் பொருத்திவிடுவது அங்கே நடக்கும் தீட்சையின் ஓர் அங்கம் என்று நம் முன்னோர்கள் நம்பினார்களாம். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த பர்னல் போன்றவர்களுக்கு இது பாமர வதந்தியாகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த வதந்தி அடியோடு பொய்யும் அன்று. இரகசியத்தை வெளியிட்டால் தன் தொண்டை அறுபடட்டும் என்று முதற்படியில் சேருகிறவன் சத்தியம் செய்வது அக்காலத்து வழக்கம். மூன்றாம் படியிலோ, சாலமோன் மன்னனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஹிராம் அபிப் கொலையுண்ட கதையை நடித்து, சேருகிறவனையே அந்தச் சிற்பியின் ஸ்தானத்தில் வைத்துக் கிடத்தி, பிறகு கைகொடுத்து எழுப்புவார்கள். கதவுக்கு வெளியே நின்ற சமையற்காரனும் பல்லக்குத் தூக்கியும் உள்ளே நடந்ததன் சாரத்தை ஒரே சொற்றொடரில் பிடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அகராதி வெளிவந்து சரியாக நூறாண்டு கழித்து, 1986-இல், இங்கிலாந்தின் ஐக்கிய மகாசபை அந்தக் கொடூர தண்டனை வாசகங்களைப் பிரமாணத்திலிருந்து எடுத்துவிட்டது. எடுத்தும், சடங்கின் வேறோர் இடத்தில், முற்காலத்தில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது என்று நினைவூட்டும் அளவில் வைத்துக்கொண்டது.

பழைய விதிகளும் பழைய சின்னங்களும் இன்றைய மனிதனுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற கேள்வியை ஆராய்வதற்கு இந்த ஸ்தாபனத்தைவிட வாய்ப்பான உதாரணம் எளிதில் அகப்படாது. தங்கள் நியதிகள் நினைவுக்கெட்டாத காலத்தவை என்றும் மாற்றத்துக்கு அப்பாற்பட்டவை என்றும் சொல்லிக்கொள்வதில் இவர்களுக்கு நிகரானவர்கள் சில வைதிகர்களே உண்டு. அப்படிச் சொல்லிக்கொண்டே அவற்றை மாற்றிவந்ததிலும் இவர்களுக்கு நிகரானவர்கள் குறைவு. இவர்கள் மாற்றியதை நான் குறையாகச் சொல்லவில்லை. எதை மாற்றினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள், மாற்றும்படி இவர்களைக் கட்டாயப்படுத்தியவர்கள் யார் என்பவற்றைப் பார்த்தால், சமயத்துக்கும் சம்பிரதாயத்துக்கும் பொதுவான ஓர் உண்மை தெரியவருகிறது என்பதே என் கருத்து. அதற்குப் பெருமளவு சாட்சியம் நம் நாட்டிலேயே, குறிப்பாகப் பம்பாய் ராஜதானியிலும் சென்னையிலும் வங்கத்திலும் கிடைக்கிறது.

கல் தச்சர்களின் தொழிற்கூட்டங்களிலிருந்து இந்தச் சபை கிளைத்தது என்பது மரபு. ஏறத்தாழ 1390-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘ரீஜியஸ்’ என்ற ஆங்கிலச் செய்யுட் சுவடி, அவர்களுடைய பழஞ்சாசனங்களுள் மிகத் தொன்மையானதாக எண்ணப்படுகிறது; பதினைந்து பிரிவுகளும் பதினைந்து கட்டளைகளுமாக அது அமைந்திருக்கிறது. அவற்றைப் படிக்கிறவன் முதலில் வியப்பது அவற்றின் லௌகிக புத்தியைக் கண்டுதான். மேஸ்திரி, பயிலவரும் பையனை ஏழாண்டுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தொழில் படியாது. அடிமையாகப் பிறந்தவனைப் பயிற்சிக்கு எடுக்கக் கூடாது. ஏனென்றால் அவனுடைய எஜமான் எந்த நாளும் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம், கட்டடமும் பாதியில் நிற்கும். அங்கக் குறைவுள்ளவனைச் சேர்க்கக் கூடாது. கல்லைச் சுமந்து சாரத்தில் ஏற வேண்டியவனுக்குக் கையும் காலும் முழுமையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் அடியில் சுண்ணாம்பும் கல்லும் கூலியும் சம்பந்தப்பட்ட ஒரு காரணம் கிடக்கிறது.

பிறகு 1717-இல் லண்டனில் மகாசபை கூடிற்று என்பதும், 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் பாதிரியார் அதன் அமைப்பு விதிகளை அச்சிட்டார் என்பதும் பலரும் அறிந்தவை. அதற்குள் சபையில் இருந்தவர்கள் பிரபுக்களும் வைத்தியர்களும் வக்கீல்களுமாக மாறிவிட்டார்கள். கல்லைத் தொட்டவர்கள் அருகிவிட்டார்கள். எனினும், சுதந்திரனாகப் பிறந்திருக்க வேண்டும், உடலில் ஊனம் இருக்கக் கூடாது என்னும் விதிகள் அப்படியே புது நூலுக்குள் குடிபுகுந்தன. விதி பிறந்த காரணம் இறந்த பிறகும் விதி மட்டும் உயிரோடிருந்தால் அதற்குப் புதிதாக ஒரு காரணத்தைக் கற்பிக்க வேண்டியதாகிறது. அவ்வாறே, சரீர பூரணத்துவம் என்பது ஆன்ம பூரணத்துவத்தின் அடையாளம் என்றெல்லாம் வியாக்கியானம் செய்யத் தொடங்கினார்கள். யாகத்துக்குரிய பசுவின் லட்சணங்களைப் பற்றி நம் மீமாம்சகர்கள் செய்த வாதங்களை அறிந்தவர்களுக்கு இந்த மனப்போக்கு புதிதன்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து, நேற்றுவரை அடிமையாயிருந்தவர்கள் இன்று சுதந்திர மனிதர்களாகிவிட்ட நிலையில், பிறப்பில் சுதந்திரன் என்னும் நிபந்தனை நாகரிகத்துக்கு ஒவ்வாததாகத் தோன்றவே, 1847-இல் ஆங்கில மகாசபை அதைச் சுதந்திர மனிதன் என்ற அளவில் திருத்திற்று. இது நடந்து பதினோராண்டு சென்ற பின், அமெரிக்காவில் ஆல்பர்ட் மேக்கி என்னும் பண்டிதர், ‘எல்லைக் கற்கள்’ எனப்படும், சபையின் மாறாத அடிப்படை நியதிகள் இருபத்தைந்து என்று ஒரு பட்டியல் வகுத்தார். அங்கஹீனம் இல்லாமல் சுதந்திரனாகப் பிறந்திருக்க வேண்டும் என்பது அதில் பதினெட்டாவது. இவற்றில் ஒன்றையும் ஒருநாளும் மாற்றக் கூடாது என்பது இருபத்தைந்தாவது. கடலுக்கு அப்பால் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்ட ஒன்று மாற்ற முடியாதவற்றின் வரிசையில் கம்பீரமாக இடம்பெற்றிருப்பதைப் பார்க்கும்போது, சநாதனம் என்று நாம் சொல்வதில் எத்தனை பங்கு நம் பாட்டனார் காலத்தது என்ற ஐயம் எழாமலிருக்க முடியாது.

சின்னங்களின் கதை வேறு. நான் குடியிருக்கும் ஔந்த், சத்தாரா பக்கத்தில் பந்த் பிரதிநிதிகள் ஆண்ட ஔந்த் சமஸ்தானம் அன்று. அது புனே நகரத்தின் வடமேற்கில் முளா ஆற்றங்கரையில் இருக்கும் ஔந்த். பழைய ஓட்டு வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழும்பும் இடம் ஆகையால், இங்கே நடந்துபோகிறவன் கட்டட வேலையைப் பாராமல் நூறு கெஜம் நடக்க முடியாது. இவ்வூரார் கவண்டி என்றழைக்கும் கொத்தனார், புதிதாக எழும்பிய சுவர் நேராக நிற்கிறதா என்று சோதிக்கும் முறையைச் சற்று நின்று கவனித்தால், ஃப்ரீமேசன் சின்னங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் கிடைக்காத ஒரு தெளிவு கிடைக்கும். தூக்குக்குண்டின் நூல் ஒரு சிறு கட்டையின் நடுத்துளை வழியாக ஓடுகிறது. அந்தக் கட்டையின் அகலமும் குண்டின் குறுக்களவும் ஒன்றே. கட்டையைச் சுவரின் மேற்பகுதியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் குண்டைக் கீழே விடுகிறார். அது ஊசலாடி ஓயும்வரை ஒன்றும் பேசாமல் காத்திருக்கிறார். ஓய்ந்ததும் குண்டு சுவரை மயிரிழையில் தொட்டும் தொடாமலும் நிற்குமானால் சுவர் சரி. விலகி நின்றால் சுவர் வெளியே சாய்கிறது. சுவரில் மோதிக் கிடந்தால் உள்ளே சாய்கிறது. இதில் மேஸ்திரியின் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. சித்தாள் பிடித்தாலும் இஞ்சினீயர் பிடித்தாலும் குண்டு ஒரே தீர்ப்பையே சொல்கிறது. தூக்குக்குண்டுக்கு மராத்தியில் ஓளம்பா என்றும் மூலைமட்டத்துக்குக் குண்யா என்றும் பெயர். இந்த இரண்டையும் ரசமட்டத்தையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகும் மனிதருக்கு, இவற்றின் பெயரால் உலகமெங்கும் மண்டபங்கள் இருப்பதும், மந்திரிகளும் மகாராஜாக்களும் ஆட்டுத்தோல் முன்றானை கட்டிக்கொண்டு இவற்றைத் தியானித்ததும் தெரியாது.

சபையினர் கொடுக்கும் வியாக்கியானம் எளியது: மூலைமட்டம் நடத்தையின் ஒழுங்கையும், ரசமட்டம் மனிதர்களின் சமத்துவத்தையும், தூக்குக்குண்டு நேர்மையையும், கவராயம் ஆசைக்கு வகுக்க வேண்டிய எல்லையையும் குறிக்கின்றன, இருபத்துநான்கு அங்குல அளவுகோல் ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தைப் பங்கிடக் கற்பிக்கிறது, செதுக்காத கல் வந்து சேருகிறவன், செதுக்கிய கல் அவன் ஆக வேண்டியவன். பள்ளிக்கூட நீதிபோதனைக்கு மேல் இதில் ஆழம் இல்லையே என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் பல சமயம் தோன்றியதுண்டு. ஆனால் விதிக்கும் சின்னத்துக்கும் உள்ள ஒரு வேற்றுமை இங்கே புலனாகிறது. விதியானது யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று பேசுகிறது. பேசுகிற கணத்திலேயே அது எழுதப்பட்ட காலத்தின் பயங்களையும் பட்சபாதங்களையும் தன் உடலில் ஏந்திக்கொள்கிறது. கருவி அப்படிப் பேசுவதில்லை. தன்னைப் பிடிக்கும் கையின் குலத்தையும் நிறத்தையும் அது விசாரிப்பதில்லை. ஆகையால் ஒரே மண்டபத்தில், மேஜைமேல் கிடக்கும் கருவி ஒன்றைச் சொல்ல, அதே மேஜைமேல் கிடக்கும் விதிநூலின் சில பக்கங்கள் அதற்கு எதிரானதைச் சொல்லும் நிலைமை நெடுங்காலம் நீடித்தது. அந்த முரண்பாட்டை உள்ளே இருந்தவர்கள் தாமாகவே கண்டு திருத்திக்கொண்டதாகச் சரித்திரம் சொல்லவில்லை. வெளியே நின்றவர்கள் வந்து சுட்டிக்காட்டினார்கள்.

ஆண்டர்சன் விதிகளில் முதலாவது, தெய்வத்தையும் சமயத்தையும் பற்றியது. எல்லா மனிதர்களும் ஒப்புக்கொள்ளும் சமயம் எதுவோ அதுவே போதும், மற்ற நம்பிக்கைகளை அவரவரிடமே விட்டுவிடலாம் என்பது அதன் கருத்து. லூத்தரையும் போப்பையும் சொல்லி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒருவரை ஒருவர் கொன்று களைத்த ஐரோப்பாவில், கிறிஸ்தவப் பிரிவுகளுக்குள் சமாதானம் செய்விக்க எழுதப்பட்ட வாக்கியம் அது. பார்ஸியும் முஸ்லிமும் ஹிந்துவும் ஒருநாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று அந்தப் பாதிரியார் நினைத்திருக்க நியாயமில்லை. ஆர்க்காட்டு நவாபின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உமரா 1770-களின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் தீட்சை பெற்றபோது பெரிய ஆட்சேபம் எழவில்லை; லண்டன் மகாசபை மகிழ்ந்து அவருக்கு முன்றானையும் விதிநூலும் அனுப்பிவைத்தது. சிம்மாசனத்துக்கு வாரிசான ஒருவருக்கு எந்தச் சபையின் கதவும் சுலபமாகத் திறக்கும் அல்லவா? ஆனால் வியாபாரியோ உத்தியோகஸ்தனோ வந்து கேட்டபோது நிலைமை மாறிற்று. மானக்ஜீ கர்செட்ஜீ என்னும் பம்பாய்ப் பார்ஸியை ஆங்கிலேயர் சபைகள் ஏற்க மறுத்தன. அவர் பாரிஸ் நகரத்துக்குப் போய் அங்கே ஒரு சபையில் தீட்சை பெற்றுக்கொண்டு வந்தார். அவரும் மற்ற இந்தியர்களும் சேருவதற்கென்றே, டாக்டர் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1843 டிசம்பரில் பம்பாயில் ‘ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா’ என்ற சபையை நிறுவினார். வங்கத்தில் போராட்டம் இன்னும் கடினமாயிருந்தது. ஹிந்துக்கள் பல தெய்வங்களை வணங்குகிறவர்கள், ஆகையால் ஏக தெய்வத்தை ஒப்புக்கொள்ளும் சபையில் அவர்களுக்கு இடமில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். கல்கத்தாவின் பிரசன்ன குமார் தத் பல ஆண்டுகள் மனுச் செய்து வாதாடி 1872-இல்தான் உள்ளே நுழைந்தார். அவர் திறந்துவிட்ட வழியில், பன்னிரண்டு ஆண்டுக்குப் பின், அதே நகரத்தின் ‘ஆங்கர் அண்ட் ஹோப்’ சபையில் நரேந்திரநாத தத்தர் என்னும் இளைஞர் சேர்ந்தார்; அவரைப் பிற்காலத்தில் உலகம் விவேகானந்தர் என்று அறிந்தது.

பல தெய்வம் என்ற ஆட்சேபத்தைத் தத்துவ ரீதியில் எடுத்துக்கொண்டால் ஒரு வேடிக்கை வெளிப்படுகிறது. சபையினர் இறைவனைப் பிரபஞ்சத்தின் பெருஞ்சிற்பி என்று குறிப்பிடுகிறார்கள். சிற்பி என்றால் கட்டுகிறவன். கல்லும் மண்ணும் அவனுக்கு வேறாக, முன்பே இருக்க வேண்டும். ஒன்றுமில்லாததிலிருந்து உலகத்தைத் தோற்றுவித்தார் என்று போதிக்கும் கிறிஸ்தவ சித்தாந்தத்துக்குக் கண்டிப்பாகப் பார்த்தால் இந்த உருவகம் பொருந்தாது. நம் சைவ சித்தாந்திக்கோ இது பழகிய பாதை. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல் உலகுக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணன் என்று அவன் சிறு வயதிலேயே பாடம் கேட்டிருக்கிறான். பிரம்மமே உலகுக்கு முதலும் நிமித்தமுமாக இருக்கிறது என்னும் அத்வைதிக்கு அந்தப் பெயர் சற்று நெருடும். கர்த்தா என்றே ஒருவரை ஒப்பாத ஜைனருக்கு, இந்தப் புனே நகரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள், அது முற்றிலும் ஒவ்வாது. ஆக, பல தெய்வம் என்று சொல்லி எவனை வெளியே நிறுத்தினார்களோ அவனுக்குள்ளேதான் அந்தச் சபையின் தெய்வக் கொள்கையோடு நெருங்கிய உறவுடையவனும் இருந்தான். உண்மையான கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. அதை எழுப்பியவர் யாருமில்லை. வாசகம் எவ்வளவு தளர்ந்ததாக இருந்ததோ அவ்வளவு அது பயன்பட்டது என்று எண்ணுகிறேன். இறுக்கமாக எழுதியிருந்தால் 1877-இல் பிரான்சின் ‘கிராண்ட் ஓரியன்ட்’ தெய்வ நம்பிக்கை என்ற நிபந்தனையையே அழித்துவிட்டு, ஆங்கிலேயரோடு உறவற்றுப்போன கதை இங்கேயும் நடந்திருக்கும்.

பிரமாணம் செய்வதற்கு எந்த நூலின்மேல் கைவைப்பது என்பது அடுத்த சங்கடம். அவரவர் சமயத்து நூலின்மேல் என்று முடிவாயிற்று. 1961 நவம்பர் 24-ஆம் தேதி டில்லியில் இந்திய மகாசபை தனியாக அமைந்து, ராம்பூர் நவாப் சையத் ரஸா அலி கான் அதன் முதல் தலைவரானார். பகவத்கீதை, குர்-ஆன், விவிலியம், குரு கிரந்த சாஹிப், ஜெந்த் அவஸ்தா ஆகிய ஐந்தும் ஒரே பீடத்தில் திறந்து வைக்கப்படும் வழக்கம் அதற்கே உரிய சிறப்பாக விளங்குகிறது. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஒரே நூலோடு நின்றுவிட்ட விதி, இந்த நாட்டு மண்ணில்தான் தன் முழு அர்த்தத்தைப் பெற்றது. திருமுறை ஓதும் சைவனுக்கும் திவ்யப் பிரபந்தம் ஓதும் வைஷ்ணவனுக்கும் கீதைதான் பிரமாண நூல் என்று யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று கேட்கலாம்தான். ஹிந்துவுக்கும் ஒரே ஒரு நூல் இருந்தாக வேண்டும் என்ற அவசரம் நீதிமன்றத்துக்கும் சபைக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

சமயத்தைப் பற்றிய விதி இவ்விதம் நன்மை செய்தது என்றால், அரசியலைப் பற்றிய விதியைக் குறித்து அவ்வளவு தாராளமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. சபைக்குள் சமய வாதமும் அரசியல் வாதமும் கூடாது என்று ஆண்டர்சன் எழுதினார்; கட்சிச் சண்டையில் நட்பு கெடாமலிருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆளுகிறவனும் ஆளப்படுகிறவனும் ஒரே ரசமட்டத்தில் அமர்ந்திருக்கும்போது, ஆளுகையைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்றால் அந்த மௌனத்தின் பலன் யாருக்குச் சேரும்? விக்டோரியா ராணியின் புதல்வர் கன்னாட் கோமகன் 1886 முதல் 1890 வரை பம்பாய்ப் படையின் தளபதியாகப் புனேயில் தங்கியிருந்தார். பம்பாய் மாவட்டச் சபைகளின் தலைமையும் அவரிடமே இருந்தது. பின்னாளில், 1901 முதல் 1939 வரை, ஆங்கில மகாசபைக்கே அவர் தலைவராயிருந்தார். அவர் புனேயை விட்டுப் போன ஏழாண்டுக்குப் பின், 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு, ஔந்துக்குப் பக்கத்திலுள்ள கணேஷ்கிண்டு மாளிகையில் அவருடைய தாயாரின் வைர விழாக் கொண்டாட்டம் முடிந்து வண்டிகள் திரும்பிய சாலையில், சாபேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டார்கள். உடன் வந்த அயர்ஸ்ட் அங்கேயே மாண்டார். அந்த மாளிகைதான் இன்று புனே சர்வகலாசாலை. சகோதரத்துவத்தின் மண்டபம் ஒருபுறமும் துப்பாக்கி ஒருபுறமுமாக இருந்த நகரத்தில், இடையில் பேசப்பட வேண்டியிருந்தது என்னவோ அது பேசப்படவில்லை. அந்தப் பொறுப்பைச் சபையின் தலையில் முழுதும் சுமத்துவது அநியாயம். ஆனால் எந்தச் சின்னத்தைக் காட்டிச் சமத்துவம் பேசினார்களோ அது வாசற்படி தாண்டி வெளியே வரக் கூடாது என்று ஒரு விதி காவல் நின்றது.

இதே நிலப்பரப்பில் வேறு இரு கூட்டங்களும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே கேள்விகளோடு மல்லாடின. அவற்றை விட்டுவிட்டு ஃப்ரீமேசன்களை மட்டும் மதிப்பிடுவது சரியாகாது. 1849-இல் தாதோபா பாண்டுரங்கும் அவரைச் சேர்ந்தவர்களும் பம்பாயில் பரமஹம்ச மண்டலியை ஏற்படுத்தினார்கள். அதுவும் இரகசியச் சபை. அதிலும் சேருவதற்கு ஒரு சடங்கு இருந்தது. ஜாதிக் கட்டுக்கு வெளியிலுள்ளவன் கையால் செய்த ரொட்டியைச் சேருகிறவன் உண்ண வேண்டும். எனக்குத் தெரிந்த தீட்சைகளில் இதைவிடத் துணிவான ஒன்றைச் சொல்வது கடினம். ஏனென்றால் இங்கே எதையும் வேறொன்றுக்குக் குறியாக வைக்கவில்லை, சமத்துவத்தையே வாயில் போட்டு விழுங்கச் சொன்னார்கள். ஆனால் 1860-இல் உறுப்பினர் பட்டியலை யாரோ திருடி வெளியிட்டுவிட, சமூக பகிஷ்காரத்துக்கு அஞ்சி மண்டலி கலைந்துபோயிற்று. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1873 செப்டம்பர் 24-ஆம் தேதி, ஜோதிராவ் புலே புனேயில் சத்யசோதக் சமாஜத்தை ஆரம்பித்தார். அவர் இறைவனுக்குக் கொடுத்த பெயர் நிர்மிக், அதாவது படைத்து அமைப்பவன். புரோகிதன் இல்லாத சடங்கு, ஜாதி வேற்றுமை இல்லாத கூட்டம், பெண்களுக்கும் இடம். கட்டட ஒப்பந்தத் தொழிலிலும் ஈடுபட்டிருந்த அவருக்குக் கல்லும் சுண்ணாம்பும் உருவகங்களாக இருந்திருக்க மாட்டா. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் பெருஞ்சிற்பியின் மண்டபத்தில் நுழைய அனுமதி பெற்றதற்கு மறு வருஷம், இங்கே ஒரு தோட்டக்காரக் குலத்து மனிதர், அனுமதி கேட்க வேண்டிய அவசியமே இல்லாத மண்டபமொன்றைக் கட்டிவிட்டார்.

அப்படியானால் ஃப்ரீமேசன்களின் சடங்குகள் வெறும் ஆடம்பரம்தானா என்று கேட்பவர்களுக்கு, முதற்படியின் ஓர் அங்கத்தை மட்டும் எடுத்துக்காட்ட விரும்புகிறேன். சேருகிறவனைக் கதவுக்கு வெளியே ஆயத்தம் செய்கிறார்கள்: கையிலுள்ள பணம், மோதிரம், கடிகாரம், உலோகமான எதுவாயினும் வாங்கி வைத்துவிடுகிறார்கள், கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிற்றை மாட்டி, ஒரு முழங்காலைத் திறந்து, ஒரு காலில் செருப்பை மாற்றி உள்ளே நடத்துகிறார்கள். பிரமாணம் முடிந்து கட்டு அவிழ்ந்த பிறகு, கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரமிட்ட தளத்தின் வடகிழக்கு மூலையில் அவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். புதுக் கட்டடத்தின் முதற்கல்லை வைக்கும் மூலை அது. நம் ஊரிலும் வாஸ்து பூஜைக்கு ஈசானிய மூலையைத் தேடுகிறோம் என்பது எதேச்சையான ஒற்றுமையாக இருக்கலாம். அங்கே நிற்பவனிடம், ஏழைகளுக்காக உன்னால் இயன்றதைக் கொடு என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பார்கள். அவன் வழக்கம்போல் பையைத் துழாவுவான், ஒன்றும் இராது. மாவட்ட நீதிபதியாயிருந்தாலும் மில் முதலாளியாயிருந்தாலும் அந்தக் கணத்தில் கையை விரித்து, கொடுக்க மனமிருக்கிறது, கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். பிச்சை கேட்கிறவனிடம் சில்லறை இல்லை என்று சொல்லிப் பழகிய வாய், வாழ்க்கையில் ஒருமுறையாவது அதை உண்மையாகச் சொல்லும்படி நேர்கிறது. ஆயிரம் பக்கம் தர்ம சாஸ்திரம் படித்தாலும் இந்த ஒரு நிமிஷ வெட்கம் உண்டாகாது. அந்தச் சடங்கு நேற்று எழுதப்பட்டதாயிருந்தாலும், மூவாயிரம் ஆண்டுப் பழமையுடையதாயிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. தூக்குக்குண்டைப் போல அது வேலை செய்கிறது.

சென்னையில் இந்தச் சபையின் அடையாளங்கள் எளிதில் கண்ணில் படும். கடற்கரையில் போலீஸ் தலைமை அலுவலகமாக விளங்கும் வெள்ளைக் கட்டடம் 1839-இல் ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ என்னும் சபைக்காகக் கட்டப்பட்டது. போலீசார் 1865-இல் வாடகைக்கு வந்து 1874-இல் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். இரகசியம் காப்பவர்களின் வீடு இரகசியம் துப்புத் துலக்குகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது விதியின் குறும்பு. இப்போதைய மண்டபம் எழும்பூர் எத்திராஜ் சாலையில் இருக்கிறது. அதற்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டினால், அடையாற்றுப் பிரம்மஞான சபையின் வளாகத்தில் மற்றொரு ஃப்ரீமேசன் சபை கூடுகிறது; அதில் ஆடவரும் பெண்டிரும் சமமாக அமர்கிறார்கள். 1893-இல் பாரிஸில் மரியா தெரேம் முதலியோர் தொடங்கிய கலப்புச் சபையில் அன்னி பெசன்ட் அம்மையார் 1902-இல் சேர்ந்து, அந்த மரபை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அவரோடிருந்த லெட்பீட்டர், இச்சடங்குகளின் மறைபொருளைப் பற்றி 1926-இல் ஒரு நூலே எழுதினார். ஆவிகளும் தேவதைகளும் நடமாடும் அவருடைய வியாக்கியானம் எனக்கு ரசிக்கவில்லை என்பது வேறு விஷயம். மூலைமட்டமும் கவராயமும் இரண்டு மண்டபங்களிலும் ஒன்றே. தளத்தின் கறுப்பு வெள்ளைச் சதுரங்களும் ஒன்றே. எனினும் எத்திராஜ் சாலைக்காரர்கள் அடையாற்றுக்காரர்களைத் தம்மவராக அங்கீகரிப்பதில்லை.

இங்கிலாந்திலேயே இந்த விஷயத்தில் நிலைமை சிறிது சிறிதாக நெகிழ்ந்துவருகிறது. பெண்களுக்கென்று தனியாக நடக்கும் சபைகள் சடங்கில் தவறாதவை என்று ஐக்கிய மகாசபை 1999-இல் ஒப்புக்கொண்டது, ஆனால் முறைப்படியான அங்கீகாரம் கொடுக்கவில்லை. 2018-இல் இன்னும் ஒரு படி சென்று, ஆணாயிருந்து தீட்சை பெற்றவர் பின்னர் பெண்ணாக மாறினாலும் அவர் சபையினராகவே நீடிக்கலாம் என்று அறிவித்தது. பெண்ணாக உள்ளே இருக்கலாம், பெண்ணாக உள்ளே வரக் கூடாது என்பதாக இப்போது விதி நிற்கிறது. இனி யாரேனும் ஒரு பெண்மணி, மானக்ஜீயைப் போல, தத்தைப் போல, 1723-ஆம் வருஷத்துப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வாதாடினால், அவர்கள் அதே புத்தகத்தின் மூன்றாம் விதியைக் காட்டி மறுக்கக்கூடும்; சபையினர் சுதந்திரராகப் பிறந்த ஆடவராக இருக்க வேண்டும், அடிமைகளும் பெண்களும் கூடாது என்று அங்கே தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது. ஒரே வாக்கியம் அது. அதன் முன்பாதியில் பிறப்பைப் பற்றிக் கிடந்த சொல்லைத்தான் அவர்கள் 1847-இல் திருத்தினார்கள்.